நெற்றி பார்த்து வாங்கிய ரத்தம்

குடல்வால் என்ற ஒன்று இப்போது என்னிடம் இல்லை. நல்லபடியாக எடுத்துவிட்டார்கள். விசாரிக்க வருகிறவர்கள் எல்லோரும் அந்த வாலைப் பற்றியே கேட்கிறார்கள். எவ்வளவு நீளம், கையில் கொடுத்தார்களா, தையல் எத்தனை என்று ஒரே கேள்வி. சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஆனால் நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் என்னை ஆட்டிவைத்தது அந்த வால் இல்லை. என் கையிலிருந்து எடுத்த ஒரு சின்னக் குப்பி ரத்தம். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, கேட்க அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீடு சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. ஒருநாள் காலை ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது தொப்புளைச் சுற்றி வலித்தது. முந்தின நாள் கோயில் இட்லியை இரண்டு துண்டு அதிகமாகச் சாப்பிட்டதன் பலன் என்று நினைத்தேன். மத்தியானத்துக்குள் வலி மெல்ல நகர்ந்து வலப்பக்கம் அடிவயிற்றில் வந்து உட்கார்ந்துகொண்டது. நிமிர முடியவில்லை. தலைமையாசிரியர் ஆட்டோ பிடித்து அனுப்பினார். அந்த ஆட்டோ எங்கள் ஊரின் எந்தப் பள்ளத்தையும் விட்டுவைக்கவில்லை.

அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர் வயிற்றை மெதுவாக அழுத்தினார். பொறுத்துக்கொண்டேன். சட்டென்று கையை எடுத்தார். ஐயோ என்று கத்திவிட்டேன். அழுத்தும்போது வலிப்பதைவிட எடுக்கும்போது வலித்தால் அது குடல்வால் என்பதற்கு அடையாளமாம். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், வால் வீங்கி, பக்கத்துக் குடல் எல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு கட்டியாக நிற்கிறது என்று தெரிந்தது.

"இப்ப கத்தி வெச்சா எல்லாம் கலைஞ்சிடும் சார். முதல்ல மருந்துல அமுக்கிடுவோம். கட்டி கரைஞ்சப்புறம் வந்து எடுத்துக்கலாம். அதுவரைக்கும் வாயில ஒண்ணும் போகக் கூடாது, தண்ணிகூட" என்றார் டாக்டர்.

அதற்குள் என் மனைவி பத்மா வந்துவிட்டாள். அவளைப் பார்த்ததும் எனக்குப் பாதி தெம்பு. நர்ஸம்மா என் கையில் ஊசி குத்தி, சலைன் போடுவதற்கு முன் ரத்தம் எடுத்துக்கொண்டே, "சுகர், உப்பு, அணுக்கள் எல்லாம் பாக்கப் போறோம். எச்.ஐ.வி.க்கும் பாத்துடலாமா சார்?" என்று கேட்டார். காபியா டீயா என்று கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வலியில் மடங்கிக் கிடந்தவன் எப்படி அவ்வளவு வேகமாக எழுந்து உட்கார்ந்தேன் என்று பத்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

"யாரைப் பாத்து என்ன கேக்கறேள்? நான் வாத்தியார்!" என்றேன்.

அது ஒரு பதிலா என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அதுதான் வாயில் வந்தது.

"அவசரப் பிரிவுக்கு யார் வந்தாலும் கேக்குறோம் சார். வேணாம்னா வேணாம். அதுக்காக உங்க வைத்தியம் ஒண்ணும் நிக்காது. ஆலோசகர அனுப்புறேன், பேசிட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸம்மா போய்விட்டார்.

பக்கத்துக் கட்டிலில் கால் கட்டுடன் முனுசாமி என்று ஒருவர் படுத்திருந்தார். வேன் ஓட்டுகிறவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இன்னா அய்யரே, இதுக்குப் போயி இப்டி குதிக்கிற? எனக்குந்தான் எடுத்தாங்க. அந்தாண்ட படுத்துக்கினு இருக்குதே, அந்தப் பாட்டியம்மாவுக்கே கேட்டாங்கபா" என்றார்.

"நான் ஐயர் இல்லை, ஐயங்கார்" என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அது முக்கியமாக இருந்தது.

சற்று நேரத்தில், வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு என் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தாள். பத்மாவை நர்ஸம்மா சீட்டு பதிய அனுப்பியிருந்தார்.

"சார், என்னை அடையாளம் தெரியுதா? ஸ்டெல்லா. ஓரிக்கையிலேர்ந்து சைக்கிள்ல வருவேனே. உங்ககிட்டதான் பத்தாவது படிச்சேன்."

தெரியாமல் என்ன? மூன்றாவது பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து, நான் பலகையில் தப்பு செய்தால் கை தூக்கும் பெண். எனக்குப் பெரிய சந்தோஷம். அவள் மடியில் வைத்திருந்த தாளைப் பார்த்துக் கேள்விகளைக் கேட்க ஆரம்பிக்கும் வரைதான் அந்தச் சந்தோஷம்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க, எல்லார்கிட்டயும் கேக்குற கேள்விதான். வீட்டம்மாவைத் தவிர வேற யார்கூடயாவது உறவு இருந்திருக்குதா?"

அவள் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். நான் சலைன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு, இல்லை என்றேன். பித்தாகரஸ் தேற்றத்தை இந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்த வாய் அது. எனக்குக் காது வரை சுட்டது. வயிற்று வலிகூட மறந்துபோனது.

"எதுக்கும்மா எல்லாரையும் கேக்கறேள்? சந்தேகம் இருக்கறவாளைக் கேட்டாப் போறாதா?" என்றேன்.

"நீங்க வாய்ப்பாடு எப்டி சார் கேப்பீங்க? முதல் பெஞ்சுலேர்ந்து வரிசையா எழுப்புவீங்க. ஒருத்தர மட்டும் எழுப்பினா அவங்க மூஞ்சி தொங்கிடும்னு நீங்கதான் சொல்லுவீங்க. இங்கயும் அதான் சார். ஆளப் பாத்துக் கேட்டா, கேக்கப்பட்டவருக்கு அவமானம். கேக்காம விட்டவருக்கு இருந்தா, அவருக்கே தெரியாமப் போயிடும்."

 என் பாடத்தையே எனக்கு நடத்திவிட்டாள்.

பிறகு அந்த நோயைப் பற்றிச் சொன்னாள். தொட்டால், ஒரே தட்டில் சாப்பிட்டால், கொசு கடித்தால் வராது. பாதுகாப்பில்லாத உடலுறவு, ரத்தம், சுத்தம் செய்யாத ஊசி, தாயிடமிருந்து குழந்தை, இவ்வளவுதான் வழி. வந்தாலும் பல வருஷம் சத்தம் போடாமல் உள்ளேயே இருக்கும், ஆள் நன்றாகத்தான் நடமாடுவார். சோதனை அந்தக் கிருமியை நேராகத் தேடுவதில்லை. கிருமி உள்ளே வந்திருந்தால் அதை எதிர்க்க உடம்பு ரத்தத்தில் ஒன்றை உண்டாக்கும், அது இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் மாத்திரை உண்டு, அதை அரசாங்கமே கொடுக்க ஆரம்பித்துவிட்டது என்றாள்.

"பச்சை குத்தியிருக்கீங்களா சார்? உடம்புல வேற ஏதாவது குத்துறது, கீறுறது?"

அங்கேதான் எனக்கு என் தோள் ஞாபகம் வந்தது. எங்கள் குடும்பங்களில் ஆசாரியரிடம் சமாசிரயணம் செய்துகொள்வோம். ஹோம அக்னியில் காய்ச்சிய சக்கர முத்திரையை வலது தோளிலும் சங்கு முத்திரையை இடது தோளிலும் ஒற்றுவார். வாழ்நாளில் ஒருமுறை. எனக்கு அது கல்யாணமான வருஷம் நடந்தது. பெரிய வரிசை. எல்லோருக்கும் அதே முத்திரைகள்தான். தம்பதிகளைச் சேர்த்தே உட்கார வைத்திருந்தார்கள். என் தோளில் ஒற்றி எடுத்த முத்திரை அடுத்தது பத்மாவின் தோளுக்குத்தான் போனது.

சட்டையை இறக்கி ஸ்டெல்லாவிடம் தோளைக் காட்டினேன். "எனக்கு முன்னாடி எத்தனையோ பேர். எனக்கப்புறம் என் ஆத்துக்காரி" என்றேன். 

ஸ்டெல்லா அந்தத் தழும்பை உற்றுப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

"நெருப்புல காய்ச்சினதுதானே சார்? ஒவ்வொருத்தருக்கும் திரும்பக் காய்ச்சினாங்களா?"

"ஆமா. தணல்லேர்ந்து எடுத்து எடுத்துத்தான்."

"அப்ப அந்தக் காலத்துல ஊசியக் கொதிக்க வெச்சதவிட உங்க ஆசாரியர் நல்லாவே பண்ணியிருக்காரு. அந்தக் கிருமி இந்தச் சூட்டுல ஒரு நொடிகூட நிக்காது. பயப்படாதீங்க."

அப்பாடா என்று இருந்தது. பெரிய பாரம் இறங்கிய சந்தோஷத்தில் வாய் நீண்டுவிட்டது. "பாக்கி ஒண்ணும் இல்லைம்மா. காலேஜ்ல படிக்கறச்சே மெட்ராஸ்ல பஸ் படிக்கட்டுலேர்ந்து விழுந்தேன். தொடை எலும்பு முறிஞ்சு ரத்தம் நிறையப் போயிடுத்து. ஒரு பாட்டில் ஏத்தினா. ஆனா அது ரொம்ப ஆசாரமான ரத்தம், அதுல பயமே இல்லை."

ஸ்டெல்லாவின் பேனா நின்றது.

"ஆசாரமான ரத்தம்னா?"

பெருமையாகச் சொன்னேன். எங்கள் வீட்டில் பல வருஷமாகச் சொல்லப்படும் கதை அது. அந்தக் காலத்தில் பெரிய ஆஸ்பத்திரி வாசல்களில் ரத்தம் விற்கிறவர்கள் வரிசையாக நிற்பார்கள். என் அப்பா கோயில் கைங்கரியத்தில் இருந்தவர். கண்டவர் ரத்தம் பிள்ளைக்கு ஏறுவதா என்று அவருக்குத் தாளவில்லை. வரிசையில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனாராம். ஒருவர் நெற்றியில் பளிச்சென்று திருமண் இட்டிருந்தாராம். "மாமிசம் உண்டா?" என்று கேட்டாராம். "பெருமாள் சத்தியமாகக் கிடையாது" என்று அவர் சொன்னாராம். அவரையே கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய்ப் படுக்க வைத்தாராம். நல்லவேளையாக ரத்த வகையும் பொருந்திவிட்டதாம். "என் பிள்ளை உடம்பில் ஓடுவது நம்மவா ரத்தம்" என்று அப்பா காலமாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

"எந்த வருஷம் சார்?"

சொன்னேன். எண்பதுகளின் நடுவில்.

"அப்பல்லாம் ஏத்துற ரத்தத்த இதுக்குன்னு டெஸ்ட் பண்ற வழக்கம் வரல சார். காசுக்கு ரத்தம் குடுக்குறவங்க ஊசி, உடம்பு எதையும் பாக்காம அடிக்கடி குடுப்பாங்க. அந்த ஆளு திருமண் போட்டிருந்தாரு, சரி. அது நெத்தியிலதானே சார் இருந்துது?"

முத்திரைக்குப் பயந்தவன், ரத்தத்தை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. எங்கள் அப்பாவும் நானும் அத்தனை வருஷம் தப்பான இடத்தில் விடையைத் தேடி, சரி என்று டிக் அடித்துக்கொண்டிருந்திருக்கிறோம். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடிக்காததால் மட்டும் அல்ல.

"வந்திருக்கும்னு சொல்லல சார். நிறைய பேருக்கு ஒண்ணும் ஆனதில்ல. ஆனா பாத்துடறது நல்லது. சம்மதமா?"

"எடுத்துக்கோம்மா" என்று கையை நீட்டினேன்.

முடிவு மறுநாள் காலை வரும் என்றார்கள். ஸ்டெல்லா போனதும் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். கல்யாணமாகி இத்தனை வருஷம். எனக்கு இருந்தால் பத்மாவுக்கும் என்னிடமிருந்து போயிருக்கும். எங்கள் பெண் கோதை ஆறாவது படிக்கிறாள், அவளுக்கும் போயிருக்குமோ?  கணக்கு வாத்தியாருக்கு வருகிற கெட்ட பழக்கம், ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கூட்டிக்கொண்டே போவது. அதை யாராவது நிறுத்த வேண்டும்.

நிறுத்தியது பத்மாதான். கோதையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வெந்நீர் ஃபிளாஸ்க், போர்வை, பெருமாள் துளசி எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தாள். வாயில் எதுவும் போகக் கூடாது என்பதால் துளசியை என் தலைமாட்டில் வைத்தாள். பக்கத்துக் கட்டிலில் முனுசாமிக்கு வீட்டிலிருந்து சாப்பாடு வந்திருந்தது. சாம்பார் வாசனை என்னை என்னவோ செய்தது. அவர் என்னைப் பார்த்துவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த மனுஷனை நான் மறக்க மாட்டேன்.

பத்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தோள், முத்திரை, ரத்தம், திருமண். ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தேன்.

ஃபிளாஸ்க்கின் மூடியை இறுக்கி வைத்தாள். பிறகு, "உங்கப்பா நெஜமாவே நெத்தியப் பாத்தா வாங்கினார்?" என்றாள்.

"ஆமா."

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போகூட அவ்வளவு பாக்கலையே!" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வலப்பக்கம் கத்தியால் கீறுவதுபோல வலித்தது. "சிரிக்க வைக்காதேடி, செத்துடுவேன்" என்று கெஞ்சினேன்.

சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அந்தப் பொண்ணு எங்க இருக்கா?"

"எதுக்கு?"

"எனக்கும் எடுக்கச் சொல்றதுக்கு. அன்னிக்கு ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து தோளக் காட்டினோம். இன்னிக்கு நீங்க மட்டும் கையக் காட்டிட்டுத் தனியாக் காத்துண்டிருப்பேளாக்கும்?"

"உன்னை யாரும் கேக்கலையே. முதல்ல எனக்குப் பாத்துட்டு, வேணும்னா..."

"நான் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது முழங்கையில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள். அந்தக் கையை ஏதோ பதக்கம் போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

காலையில் டாக்டர் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். வலி பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. காய்ச்சலும் இல்லை. "கொஞ்சம் கொஞ்சமா கஞ்சித் தண்ணி குடிக்கலாம்" என்றார். வேறொரு நாளாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். பத்மா கீழே கேன்டீனுக்குப் போய் ஃபிளாஸ்க் நிறையக் கஞ்சி வாங்கி வந்தாள். இரண்டு பேருமே அதைத் திறக்கவில்லை. கண் ரெண்டும் வாசலிலேயே இருந்தது.

ஸ்டெல்லா வந்தாள். "அக்கா, நீங்க முதல்ல வாங்க" என்று பத்மாவைத் தன் அறைக்கு அழைத்தாள்.

"ரெண்டு பேருக்கும் சேர்த்தே சொல்லிடேம்மா" என்றேன்.

"அது கூடாது சார். அவங்கவங்க முடிவ அவங்கவங்களுக்கு மட்டுந்தான் சொல்லணும். புருஷனா இருந்தாலும் நான் சொல்ல முடியாது. யார்கிட்ட சொல்லணும்னு அவங்கதான் முடிவு பண்ணணும்."

பத்மா போய்விட்டுச் சீக்கிரமே வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள். போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். 

"என்ன சொன்னா?"

"உங்களோடது வரட்டும்."

"பத்மா, என்ன சொன்னா சொல்லேன்."

"வரட்டும்னேனே."

அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எதையும் முகத்தில் காட்டுகிறவள் அவள். சாத்தமுதில், ரசத்தைத்தான் சொல்கிறேன், உப்பு கூடினால்கூட அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அன்றைக்கு ஒன்றும் இல்லை.  அவளுக்கு இருக்கிறது, என்னால்தான் வந்தது, அதனால்தான் சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இழுத்துக்கொள்ளவில்லை.

ஸ்டெல்லா திரையை மூடினாள். "அக்கா, கொஞ்சம் வெளிய" என்றாள். பத்மா எழுந்து போனாள்.

"சார், ஒண்ணும் இல்ல. நெகட்டிவ். அந்த ரத்தம் ஏறி இத்தனை வருஷம் ஆயிட்டதால சந்தேகத்துக்கே இடம் இல்ல. நிம்மதியாக் கஞ்சி குடிங்க."

வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளின் கணக்கில் கழித்தல் குறியைத் தேடித் தேடித் திருத்தியவன், அன்றைக்கு அந்த ஒரு குறியைக் கேட்டு அழுதேன். மாணவி முன்னால் அழுகிறோமே என்ற வெட்கம்கூட வரவில்லை. அவள் என் தோளைத் தட்டினாள், சங்கு இருக்கிற பக்கம்.

பத்மா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "இல்லையோல்லியோ?" என்றாள்.

"இல்லை."

"எனக்கும் இல்லை" என்றாள். அப்போதுதான் அவள் முகம் அவளுடைய முகமாக ஆயிற்று.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பவே சொல்லியிருக்கலாமே! எத்தனை பயந்துட்டேன் தெரியுமா? உனக்கு இல்லைன்னு தெரிஞ்சிருந்தா அரை உசுராவது வந்திருக்குமே!"

பத்மா ஃபிளாஸ்க்கைத் திறந்தாள். டம்ளரில் கஞ்சியை ஊற்றி, ஆற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"உங்களுக்கு இருக்குன்னு வந்திருந்தா? எனக்கு மட்டும் இல்லைங்கறத எந்த வாயால உங்ககிட்ட சொல்லியிருப்பேன்?"

அப்புறம் டம்ளரை நீட்டினாள். உப்பு போட மறந்திருந்தார்கள். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.